பாஸ்காவுக்கு முன்பே போய்ச் சேரும் கோதுமை

கேள்வி: எங்கள் பங்கில் உயிர்ப்பு ஞாயிறன்று வறிய குடும்பங்களுக்குச் சமைத்த உணவுப் பொதிகள் கொடுப்பது வழக்கம். யூதர்கள் பாஸ்காவுக்கு முன்னரே தானத்தை முடித்துவிடுவார்கள் என்று மறையுரையில் கேட்டேன். முன்னரே கொடுப்பதில் என்ன வேறுபாடு? விடுதலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: வேறுபாடு பெரியது, சகோதரி. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் நினைவுகூரும் விழாவே பாஸ்கா. அந்நாட்களில் யூத வீட்டில் புளித்த மாப்பண்டம் எதுவும் இருக்கலாகாது. விழா தொடங்குவதற்கு முந்திய இரவு மெழுகுதிரியும் இறகும் கொண்டு அலமாரி மூலைகளைத் தேடி, அகப்பட்ட பாண் துணுக்குகளை மறுநாட் காலையில் எரித்துவிடுவார்கள். விழாவுக்கென, புளிப்பற்ற அப்பத்துக்கு வேறு மா வாங்க வேண்டும். ஏழை வீட்டுக்கு அது மேலதிகச் செலவு. அந்தச் செலவை ஊரார் சேர்ந்து சுமப்பதற்கு எழுந்ததே ‘கோதுமைப் பணம்’ என்னும் பழைய வழக்கம். ஓர் ஊரில் 12 மாதங்கள் குடியிருந்தவர் அதற்குக் கொடுக்கவும் வேண்டும், தேவைப்பட்டால் அதிலிருந்து பெறவும் உரியவர் என்று யூதரின் பழைய சட்ட விளக்க நூலான ஜெருசலேம் தல்மூத் ஒரே கணக்கை இருபுறமும் வைக்கிறது. இந்த ஒரு வரிக்காகவே அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன்.

முன்கூட்டியே மா வந்து சேர்ந்துவிடுவதால், விழா இரவில் அந்த ஏழை தன் மேசைக்குத் தானே தலைவனாக இருந்து, தன் பிள்ளைகளுக்கு எகிப்தின் அடிமைத்தனத்தையும் விடுதலைப் பயணத்தையும் எடுத்துச் சொல்ல முடிகிறது. மிகவும் வறியவரும் அன்று சாய்ந்தமர்ந்தே உண்ண வேண்டும், தருமப் பணத்திலிருந்தாயினும் அவருக்கு நான்கு கிண்ணம் திராட்சை இரசத்துக்குக் குறையக் கொடுக்கக் கூடாது என்கிறது யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. சாய்ந்தமர்ந்து உண்பது அக்காலத்தில் அடிமையல்லாதவர்களின் வழக்கம்.

2004 டிசம்பர் சுனாமியின் பின் நம்மூர்ப் பாடசாலை ஒன்றில் தங்கியிருந்தவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்கும் இடத்தில் நானும் நின்றேன். தலை குனிந்தபடியே பார்சலை வாங்கிச் செல்லும் ஒரு தாய், பல வாரங்களின் பின் தற்காலிகக் கொட்டிலொன்றுக்குக் குடிபோனதும், மூன்று கல் வைத்த அடுப்பில் தேநீர் ஊற்றி எனக்கு ஒரு கோப்பை நீட்டினார். சீனி போதாது என்று வருந்திக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய முகத்தை நான் முழுமையாகக் கண்டது அன்றுதான்.

விருந்தோம்பலும் அவ்வாறே. பாஸ்கா இரவில் உணவுக்கு முன் புளிப்பற்ற அப்பத்தை உயர்த்திப் பிடித்து, “பசித்தவர் எவரும் வந்து உண்க” என்று அரமேய மொழியில் அழைக்கிறார்கள்; அதே அழைப்பு, “இவ்வாண்டு அடிமைகள், வரும் ஆண்டு விடுதலை பெற்றோர்” என்று முடிகிறது. கதவைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் உண்டு குடிப்பவரின் மகிழ்ச்சி வயிற்றின் மகிழ்ச்சியே என்று 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் கடுமையாகவே எழுதினார்.

இதற்காக யூதரின் பாஸ்கா விருந்தை அப்படியே பங்கு மண்டபத்தில் நடத்த வேண்டாம். அது அவர்களுடைய வீட்டு வழிபாடு. ஆனால் கொடுக்கும் நாளை நீங்கள் மாற்றலாம். பெரிய வியாழனுக்கு முன்பே அரிசி, மா, சீனி, தேங்காய் முதலியவற்றை வீடுகளுக்குச் சேர்ப்பித்து, கறிக்கு வேண்டியதைப் பணமாகக் கொடுத்துவிடுங்கள். சந்தைக்குப் போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி, தம் பிள்ளைகளுக்குப் பிடித்த மீனை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். ஞாயிறன்று அவர்களில் யாரேனும் உங்களைச் சாப்பிட அழைத்தால் மறுக்காமல் போய் உட்காருங்கள்.