பரணில் கிடக்கும் ஷூ

கேள்வி:

என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே கோ-கோ விளையாடுகிறாள். இந்த ஆண்டு குறுவட்டப் போட்டியில் அவர்கள் அணி முதலிடம். நவம்பரில் மாவட்டப் போட்டி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் 412 வாங்கியவள், இப்போது காலாண்டில் 368தான் எடுத்திருக்கிறாள். கணக்கில் 51. வகுப்பு ஆசிரியை என்னை அழைத்து, “பொதுத்தேர்வு முடியும்வரை விளையாட்டை நிறுத்திவிடுங்கள்” என்றார். அன்றே அவளுடைய ஷூவை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். பத்து நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. முன்பு பயிற்சி முடிந்து ஏழு மணி பஸ்ஸில் வருவாள். இப்போது ஐந்து மணிக்கே வந்து, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் கணவர் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டார். என் மாமியார், “வயதுக்கு வந்த பெண்ணை அரைக்கால் டவுசரோடு ஓட விடுகிறாயே” என்று ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார். என் தம்பி மட்டும், “ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும், நிறுத்தாதே அக்கா” என்கிறான். நான் செய்தது சரியா? படிக்கிற வயதில் இந்த விளையாட்டால் அவளுக்கு என்னதான் கிடைக்கும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மதிப்பெண்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை, மாமியார் “ஒரு வருடமாகவே” சொல்லிக்கொண்டிருக்கிறார் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். காலாண்டுத் தேர்வு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஷூ பரணுக்குப் போவதற்கான பேச்சு அதற்கு வெகு முன்பே உங்கள் வீட்டில் தொடங்கிவிட்டது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டு கவலைகள் ஒரே முடிச்சில் விழுந்திருக்கின்றன. தனித்தனியாக அவிழ்த்தால் இரண்டுமே அத்தனை பெரிதல்ல.

முதலில் மதிப்பெண். ஒன்பதாம் வகுப்புக் கணக்கிலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்குக்குப் போவது ஒரு படி ஏறுவது போலல்ல, ஒரு திண்ணை ஏறுவது போல. காலாண்டில் சறுக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அடுத்த முறை வகுப்பு ஆசிரியையைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விளையாடாத பிள்ளைகளுக்கும் மதிப்பெண் இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால் காரணம் மைதானத்தில் இல்லை. பிறகு மகளின் கணக்கு விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கணக்கை எழுதவே இல்லையா, பாதியில் விட்டிருக்கிறாளா, கடைசி வரை போட்டு விடையைத் தவறவிட்டிருக்கிறாளா என்பது யார் பார்த்தாலும் தெரியும். எழுதவே இல்லையென்றால் பாடம் புரியவில்லை. பாதியில் விட்டிருந்தால் பயிற்சி போதவில்லை. கடைசியில் தவறியிருந்தால் கவனமின்மை அல்லது களைப்பு. விளையாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருந்தால் அது அந்த மூன்றாவதில்தான் முதலில் தெரியும்.

இன்னொன்று. “புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். “படிக்கிறாள்” என்று எழுதவில்லை. உங்கள் கை உண்மையைத்தான் எழுதியிருக்கிறது.

நானும் அப்படி உட்கார்ந்தவள். எனக்கு வளையப்பந்து. அந்த ரப்பர் வளையத்தைப் பிடித்துப் பிடித்து வலது கை ஆள்காட்டி விரலில் காய்ப்பே ஏறியிருந்தது. பத்தாம் வகுப்பு தொடங்கியதும் அப்பா நிறுத்திவிட்டார். அவரும் நல்லெண்ணத்தில்தான் செய்தார். மாலை நாலரையிலிருந்து ஆறு வரை எனக்கு மிச்சமான அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் என்ன படித்தேன் என்று இன்று கேட்டால், எங்கள் வீட்டு ஜன்னலில் பதினோரு கம்பிகள் இருந்தன என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மதிப்பெண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிள்ளையிடமிருந்து எடுக்கும் நேரம் தானாகப் படிப்புக் கணக்கில் வரவாகிவிடும் என்று பெற்றோர் நினைக்கிறோம். மண்டிக் கணக்கு எழுதும் உங்கள் கணவரைக் கேளுங்கள், ஒரு பேரேட்டில் அடித்த தொகை இன்னொரு பேரேட்டில் தானாக ஏறுமா என்று.

என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். விளையாடினால் மார்க் கூடும் என்று சொல்லி உங்களை மடக்க எனக்கு விருப்பமில்லை. விளையாடும் பிள்ளைகள் படிப்பிலும் நன்றாக இருப்பதாக ஆய்வுகள் சொல்வதுண்டு. ஆனால் விளையாட்டால் படிப்பு வந்ததா, சத்தான சாப்பாடும் பொறுமையான பெற்றோரும் வாய்த்த பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வந்ததா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். உங்கள் தம்பி சொல்லும் கோட்டாவையும் இப்போதைக்கு நம்பாதீர்கள். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. அது தேசிய, சர்வதேச அளவில் சாதித்தவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. குறுவட்டத்தில் ஜெயித்த பிள்ளையின் தலையில் ஒரு அரசு வேலையைச் சுமத்தினால், அடுத்த ஆட்டத்தில் அவள் கால் ஓடாது. (சான்றிதழ்களை மட்டும் பத்திரமாக ஒரு ஃபைலில் வையுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள். பின்னால் யாராவது சரிபார்க்கக் கேட்டால் சங்கடம்.)

கிடைப்பது வேறு. அவள் ஆடும் ஆட்டத்தை நீங்கள் முழுதாக ஒருமுறை நின்று பார்த்ததுண்டா? விரட்டும் அணியில் ஒன்பது பேர். எட்டுப் பேர் நடுக்கோட்டுக் கட்டங்களில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாமவள் விரட்டுகிறாள். அவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஒரு திசையில் ஓடத் தொடங்கினால் கோடியில் இருக்கும் கம்பம் வரை திரும்பவும் கூடாது. தப்பி ஓடுகிறவளுக்கோ இந்தக் கட்டுகள் கிடையாது, மைதான எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் நெளிந்து போகலாம். ஆகவே எத்தனை வேகமாக ஓடினாலும் விரட்டுகிறவள் தனியாக யாரையும் பிடிப்பது அரிது. உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகில் தட்டி, “கோ” சொல்லி, தன் ஓட்டத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் கட்டத்தில் தான் உட்கார வேண்டும். உட்கார்ந்திருப்பவள் “கோ” கேட்கும் முன் எழுந்தால் ஃபவுல். கேட்டபின் அரை நொடி தாமதித்தால் ஆள் போய்விடும்.

பதினைந்து வயதில் ஒரு பெண், தன் முறை வரும்வரை உடம்பு முழுக்க விழிப்போடு காத்திருக்கவும், கைக்கெட்டும் தூரத்தில் ஆள் இருக்கும்போதே வேட்டையை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கவும் பழகுகிறாள். இதைப் பாடமாக நடத்த எந்த வகுப்பறையிலும் வழியில்லை. வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரி 90 வாங்கினால் நம் பிள்ளை வாங்கிய 51 இன்னும் சின்னதாகத் தெரியும். கோ-கோவில் பக்கத்துக் கட்டத்துக்காரி வேகமாக ஓடினால் அது இவளுக்கும் சேர்ந்த லாபம். “நீ வராவிட்டால் எங்களால் ஆட முடியாது” என்று எட்டுப் பேர் சொல்லும் இடம் அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு வேறு எங்கே இருக்கிறது? ஷூவைப் பரணில் போட்டபோது நீங்கள் எடுத்து வைத்தது அந்த இடத்தை. பத்து நாள் மௌனத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். விளையாட முடியாத வருத்தத்தைவிட, அந்த எட்டுப் பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கம் பெரிது.

இப்போது மாமியார். அவர் காலத்தில் பெண் வயதுக்கு வந்ததும் பாண்டி ஆட்டம்கூட நின்றுபோயிருக்கும். அவருக்கு யாரும் திருப்பிக் கொடுக்காததை அவர் பேத்திக்குக் கொடுக்கத் தயங்குகிறார். கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வழக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக உழைக்கும்படி இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-இல் அது வெளியிட்ட, 146 நாடுகளைப் பற்றிய ஆய்வில், 11 முதல் 17 வயதுள்ள பெண் பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் அந்த அளவைத் தொடவில்லை. உங்கள் மகள் தொட்டுக்கொண்டிருந்தாள், பத்து நாள் முன்பு வரை.

உடை பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். டவுசருக்கு உள்ளே முழங்கால் மறையும்படி ஏதாவது போட்டுக்கொள்ளலாமா என்று மகளையும் உடற்கல்வி ஆசிரியரையும் கேளுங்கள். மகள் சம்மதித்தால் செய்யுங்கள். ஓடத் தடையாக இருக்கிறது என்று அவள் சொன்னால், அவள் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது. இறுதி ஆட்டத்தில் நம் பெண்கள் நேபாளத்தை 78-40 என்று வென்றார்கள். அந்த வீடியோவை ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். வாதாட வேண்டாம். பேத்தி ஆடுவது அதே ஆட்டம் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஏழு மணி பஸ்தான் எனக்கு நியாயமான கவலையாகப் படுகிறது. நிறுத்தத்திலிருந்து வீடு வரை யாரோடு வருகிறாள்? வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது ஆசிரியை ஒருவர் உடன் போகிறாரா? இதையெல்லாம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, கேட்காமல் விடவும் கூடாது.

வகுப்பு ஆசிரியையைக் குறை சொல்லாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மாவட்டப் போட்டி முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உடற்கல்வி ஆசிரியர். இருவரும் ஒரே வராண்டாவில் நடக்கிறார்கள், உங்கள் மகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்கள். ஒரு நாள் மதிய இடைவேளையில் போய் இருவரையும் சேர்த்து நிற்க வைத்துப் பேசுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிக் கேட்பேன்: போட்டி வரை மாலைப் பயிற்சி மட்டும், காலையில் கணக்குச் சிறப்பு வகுப்பு. போட்டி முடிந்ததும் வாரம் மூன்று மாலை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பொதுத்தேர்வு வரை, அணிப் பயிற்சி இல்லாமல் தினமும் அரை மணி ஓட்டம் மட்டும். இதைக்கூட நீங்களே முடிவு செய்யாமல் மகள் கையில் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவள் உங்களைவிடக் கறாராகப் போடுவாள், பாருங்கள்.

வீட்டில் ஒரே மாற்றம் போதும். வந்ததும் குளியல், சாப்பாடு, அதன் பிறகு முதல் முக்கால் மணி கணக்கு. தூக்கம் கண்ணைச் சுழற்றும் வேளைக்கு கணக்கை ஒதுக்கி வைத்தால் 51 அங்கேயேதான் நிற்கும். அத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதத்துக்கு மேல் இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளைகள் பலர் வாயில் போடாமல் பைக்குள் போட்டுவிடுவார்கள். உங்கள் மகள் விழுங்குகிறாளா என்று கேளுங்கள். விளையாட்டுக் களைப்பு என்று நாம் நினைப்பது சில நேரம் இதுவாக இருக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். “கணக்கில் 80 வாங்கு, ஷூவைத் தருகிறேன்” என்று பேரம் பேசாதீர்கள். அவள் 80 வாங்கும்வரை அந்த எட்டுப் பேர் காத்திருக்க முடியாது.

இதே இதழுக்கு வந்த வேறு சில கடிதங்கள் நேர் எதிர்த் திசையில் இழுக்கின்றன. கீபோர்டு, அபாகஸ், செஸ், இந்தி, சிலம்பம் என்று ஒரே பிள்ளையை ஐந்து வகுப்புக்கு அனுப்பிவிட்டு, ஆறாவதாக என்ன சேர்க்கலாம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் காரமாகவே. ஓடப் பிடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா இருக்கிறது. ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர், என்.சி.சி. இருக்கின்றன. பிரார்த்தனைக் கூட்டத்துக்கு மைக் செட் கட்டும் பையனுக்கு அந்த வேலையே போதும். என்ன செய்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் வராத நாளில் யாராவது தேடுகிறார்களா என்று பாருங்கள்.

மகளிடம் நீண்ட விளக்கம் எதுவும் தேவையில்லை, சகோதரி. இன்றிரவே பரணில் ஏறி ஷூவை எடுத்துத் தூசி தட்டி வாசலில் வையுங்கள். காலையில் அவளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வளரும் வயது. விரல் முட்டினால், போட்டிக்கு முன்னால் ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டியிருக்கும்.