டிஎல்ஆர்4 (பாக்டீரியாவை உணர நோயெதிர்ப்பு செல்லின் மேல் நிற்கும் ரிசெப்டர்) ஆன்டிபாடி போட்டேன். எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளியுறையில் இருக்கும் பொருள்) கொடுத்த கொஞ்ச நேரத்தில் சிக்னல் காணாமல் போகிறது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

முதலில் டியூபில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். சுண்டெலி செல்லில் வேலை செய்கிறீர்கள், க்ளோன் பெயர் (அது எந்த வகை ஆன்டிபாடி என்ற அடையாளம்) எம்டிஎஸ்510 என்றால், அது கெட்டுப்போகவில்லை. தன் வேலையைத்தான் ஒழுங்காகச் செய்கிறது.

நானும் இதில் மாட்டியவன்தான். பிஎச்டி இரண்டாம் வருஷம். எலும்பு மஜ்ஜையிலிருந்து ஏழு நாள் வளர்த்த மேக்ரோஃபேஜ்களுக்கு (கிருமியை விழுங்கும் செல்கள்) எல்பிஎஸ் கொடுத்து, ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் அளக்கும் ஃப்ளோ கருவியில் ஓட்டினால், சில நிமிஷத்திலேயே கிராஃபின் மேடு இடப்பக்கம், அதாவது குறைந்த சிக்னல் பக்கம், நகர்ந்துவிட்டது. ‘ரிசெப்டர் செல்லுக்குள் போய்விட்டது’ என்று லேப் மீட்டிங்கில் பெருமையாக ஸ்லைடு போட்டேன். சீனியர் அக்கா ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த க்ளோன் போட்டே?" எனக்குப் பதில் தெரியவில்லை.

டிஎல்ஆர்4 தனியாக நிற்பதில்லை. எம்டி-2 என்ற சிறிய புரதத்தை வெளிப்பக்கம் ஒட்டவைத்துக்கொண்டுதான் நிற்கும். பாக்டீரியாவின் எல்பிஎஸ் போய் உட்காருவது அந்த எம்டி-2வின் குழிவுக்குள். உட்கார்ந்ததும் இப்படிப்பட்ட இரண்டு ஜோடிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். ஜப்பானில் கென்சுகே மியாகே குழுவினர் உருவாக்கிய எம்டிஎஸ்510, இன்னும் சேராமல் நிற்கும் ஜோடியை மட்டுமே பிடிக்கும். சேர்ந்துவிட்டால் அதன் கண்ணுக்குத் தெரியாது. ரிசெப்டர் செல்லின் மேலேயேதான் இருக்கும்! எஸ்ஏ15-21 என்ற இன்னொரு க்ளோன் சேர்ந்தது, சேராதது இரண்டையும் பிடிக்கும். ஆகவே உள்ளே போனதா என்று பார்க்க எஸ்ஏ15-21, இரண்டு ஜோடிகள் ஒன்று சேர்ந்தனவா என்று பார்க்க எம்டிஎஸ்510. இரண்டையும் தனித்தனி டியூபில் போட்டு நேரவாரியாகப் பாருங்கள். முதலில் எம்டிஎஸ்510 சரியும், மற்றது பின்னால் மெதுவாக இறங்கும். அந்த இடைவெளியைத்தான் நான் தவறவிட்டேன்.

அடுத்து, கண்ட்ரோல், அதாவது ஆன்டிபாடி ஒட்டவே கூடாத செல். ‘எல்பிஎஸ்ஸுக்கு அசையாத எலி’ என்று சி3எச்/எச்இஜே எலியின் செல்லை எடுத்துவிடாதீர்கள். எல்பிஎஸ்ஸை உணர்வது டிஎல்ஆர்4தான் என்று 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழு கண்டுபிடித்தது அந்த எலியை வைத்துத்தான், வாஸ்தவம். ஆனால் அதில் இருப்பது ஒரே ஓர் எழுத்துப்பிழை: 712ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின், அதுவும் செல்லுக்கு உட்பக்கத்தில். வெளியே ரிசெப்டர் அப்படியே நிற்கும், ஆன்டிபாடியும் ஒட்டும். உங்களுக்கு வேண்டியது அந்த ஜீனே இல்லாத எலி; நாக்அவுட் (அந்த ஜீனை வேண்டுமென்றே நீக்கிய எலி) கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் சி57பிஎல்/10எஸ்சிசிஆர் என்ற எலி வகை.

ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் எஃப்சி ரிசெப்டரை முதலில் அடைத்துவிடுங்கள். மேக்ரோஃபேஜ் எந்த ஆன்டிபாடியையும் வாலைப் பிடித்து இழுத்து ஒட்டிக்கொள்ளும். டிஎல்ஆர்4 செல்லின் மேல் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்பதால், இந்தப் பொய் ஒட்டலே நிஜ சிக்னலை மூழ்கடித்துவிடும்.

ஸ்டெய்ன் செய்வதோடு நிற்காமல் ரிசெப்டரைத் தடுப்பதற்கும் இதே டியூபை எடுக்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். ஸ்டெய்னிங்குக்கு விற்கும் ஆன்டிபாடியில் பெரும்பாலும் கெடாமலிருக்கச் சேர்த்த சோடியம் அசைடு இருக்கும். உயிருள்ள செல்லுக்கு அது விஷம். அதைவிட மோசம், ஆன்டிபாடியிலேயே துளி எல்பிஎஸ் கலந்திருப்பது. ஒருமுறை எல்பிஎஸ்ஸே போடாத கிணறுகளில்கூட (செல் வளர்க்கும் தட்டின் குழிகள்) டிஎன்எஃப், அதாவது எல்பிஎஸ்ஸைக் கண்டால் செல் சுரக்கும் அழற்சிப் புரதம், எகிறியது. பூட்டப் போனவன் கையிலேயே சாவி! அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கொஞ்சம் ஆன்டிபாடியைப் பத்து நிமிஷம் கொதிக்கவைத்துச் செல்லில் போடுங்கள். புரதம் செத்துவிடும், எல்பிஎஸ் அந்தச் சூட்டுக்கெல்லாம் மசியாது. கொதித்த பிறகும் டிஎன்எஃப் வந்தால், அந்த டியூபைத் தடுப்புச் சோதனைக்குத் தொடவே வேண்டாம்.