லண்டனில் முதல் கிறிஸ்துமஸ்

கேள்வி: மேற்படிப்புக்காக லண்டன் சென்றிருக்கும் என் மகன், முதன்முறையாக எங்களைப் பிரிந்து கிறிஸ்துமஸைக் கழிக்கப்போகிறான். இங்கிருந்தபடி நாங்கள் என்ன செய்யலாம்?
- ஒரு தாய், அல்சூர், பெங்களூரு.

பதில்: சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயத்தின் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, லண்டனின் டிசம்பர் 25 வெறிச்சோடித்தான் தெரியும், அன்று அங்கே சுரங்க ரயிலும் பேருந்தும் ஓடுவதில்லை, பெரிய கடைகளைத் திறக்கச் சட்டமே இடம்தருவதில்லை. ஆகவே 24ஆம் தேதி பகலிலேயே மளிகை வாங்கிவிடவும், நள்ளிரவுத் திருப்பலிக்கு நடந்தே போய்வரக்கூடிய ஆலயத்தைத் தேர்ந்துகொள்ளவும் இப்போதே சொல்லிவையுங்கள். நண்பர் யாரேனும் விருந்துக்கு அழைத்தால், முந்தைய இரவே அங்குச் சென்று தங்கிவிடட்டும். ஊரே வீட்டுக்குள் அடங்கியிருக்கும் நாளில் விடுதி அறையில் தனித்திருப்பது, அவன் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், கடினமானதே.

பலகாரம் அனுப்புவதானால் அதிரசமும் முறுக்கும் போதும். பாலில் செய்த இனிப்புகளையும் இறைச்சியையும் இந்தியாவிலிருந்து அங்கே அனுமதிப்பதில்லை. (பால்கோவாதான் அவனுக்குப் பிடிக்கும் என்பீர்கள், அது அவன் ஊருக்கு வரும்வரை காத்திருக்கட்டும்.)

நம் நள்ளிரவு அவனுக்கு மாலை 6.30 மணி. திருப்பலி முடிந்து நீங்கள் வீடு திரும்பியதும் அழைத்தால், அவன் தன் திருப்பலிக்கு இன்னும் கிளம்பியிருக்கமாட்டான்.