தமிழ் டைப்பிங்கில் கை வலி: எர்கோனாமிக் கீபோர்டு வாங்கலாமா, துவோராக் பழகலாமா?

ஈரோட்டுல டைப்பிங் கடை வெச்சிருக்கேனுங்க. பத்திரம், மனு, கல்யாணப் பத்திரிகைன்னு நாள் முழுக்கத் தமிழ்தான். நீங்க இங்கிலீஷ் எழுத்துல ஒலிப்படி தமிழ் அடிக்கறதாகவும், இடது சுண்டுவிரலும் மணிக்கட்டும் வலிக்கறதாகவும் எழுதியிருக்கீங்க. கீபோர்டுக்குக் காசு போடறதுக்கு முன்னாடி அடிக்கற முறையை மாத்துங்க.

ஒலிப்படி அடிச்சா இங்கிலீஷ் 'ஏ' (A) விசைதான் ஓயாம வேலை செய்யும். அகரத்துக்கு ஒருதரம், ஆகாரத்துக்கு ரெண்டுதரம். அது சுண்டுவிரல் விசை. விசையில எழுத்தோட இடத்தை மாத்தி அடுக்கின முறைக, 1936-ல காப்புரிமை வாங்கின துவோராக்குலயும், 2006-ல வந்த கோல்மாக்குலயும் 'ஏ' அதே சுண்டுவிரலுக்கடியிலதான் இருக்கு. ரெண்டும் இங்கிலீஷுக்குப் போட்ட கணக்கு. உங்க வலிக்கு அதுல மருந்தில்லை.

தமிழ்99-ங்கற தமிழ் விசை வரிசையைப் பழகுங்க. 1999-ல தமிழ்நாடு அரசு தரமா அறிவிச்சது, விண்டோஸ்லயே இருக்கு. உயிரெழுத்து இடது கை. மெய்யில பெரும்பாலும் வலது கை. க, ப, ம, த, ந அஞ்சும் நடுவரிசையிலயே வலது விரலுக்கடியில கிடக்கும். அகரம் எழுத்துக்குள்ளயே இருக்கறதால தனியாத் தட்ட வேண்டாம். புள்ளியும் பாதி இடத்துல தானா விழும்: ம, ஞ, ச, ள, புள்ளி, அவ்வளவுதான் 'மஞ்சள்'. 'பத்திரம்' ஒலிப்படி 10 தட்டு, இதுல 7. கூட்டம் (குலப்பிரிவு), குலதெய்வம், பங்காளிக பேருன்னு நீளமாப் போற நம்மூர்ப் பத்திரிகையை ஒருக்கா அடிச்சுப் பாருங்க, வித்தியாசம் கையில தெரியும். ஆகாரமும், சொல்லு முதல்ல வர்ற அகரமும் இன்னும் சுண்டுவிரல்லதான், அதை மறைக்க மாட்டேன். பழகற வரைக்கும் வேகம் குறையும். முகூர்த்த மாசத்துல ஆரம்பிக்காதீங்க.

பழைய டைப்ரைட்டர் முறையில கை பழகி, வலியும் இல்லாதவங்க மாற வேண்டியதில்லைங்க.

மணிக்கட்டுக்கு: கீபோர்டுக்குப் பின்னாடி இருக்கற காலை மடக்கி வெச்சிருங்க. அது நின்னா கை மேல்நோக்கி வளையும். முழங்கை விசை உயரத்துக்கு வரணும். மேசை உசரமா இருந்தா நாற்காலியை ஏத்தி, காலுக்கடியில பலகை போடுங்க. ராத்திரி விரல் மரத்துப்போய் முழிப்பு வந்தா டாக்டரைப் பாருங்க, தள்ளிப்போடாதீங்க.

இவ்வளவுக்கப்புறமும் வலிச்சா ரெண்டாப் பிரிஞ்ச எர்கோனாமிக் கீபோர்டு நல்லதுதான். தோள் அகலத்துக்குக் கை விலகி நிக்கறதால மணிக்கட்டு வெளிப்பக்கம் திரும்பாது. ஆனா 40 விசை சொச்சம் இருக்கற குட்டி மாடல் வேண்டாங்க. தமிழ்99-ல ச, ஞ ரெண்டும் இங்கிலீஷ் 'பி'க்கு (P) வலப்பக்கம், ய நடுவரிசைக் கடைசி. குட்டி கீபோர்டுல அந்த விசையெல்லாம் முழுசா இருக்காது. சகரத்துக்கு ஒவ்வொருதரமும் இன்னொரு விசையைச் சேர்த்து அமுக்கணும். கடையில 'பி'க்குப் பக்கத்துல ரெண்டு விசை இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க. திருப்பூர்க்காரங்க மாதிரி டேலி கணக்கு மென்பொருள்ல கணக்கும் போடறவங்கன்னா எண் பலகையைத் தனியா வாங்கி இடப்பக்கம் வெச்சுக்கலாம், மவுஸுக்குக் கை தூரம் போகாது.