பிழைப் பட்டியலை எந்தக் கருவியிடம் ஒப்படைப்பது?

கேள்வி: ஜவுளிக் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் எட்டுப் பேர் கொண்ட சிறு நிறுவனம் எங்களுடையது. கடைக்காரர்கள் சொல்லும் குறைகளை எக்செல் தாளிலும் வாட்ஸ்அப் குழுவிலும் குறித்து வருகிறோம். எது சரிசெய்யப்பட்டது, எது நிலுவையில் உள்ளது என்பதே இப்போது தெரிவதில்லை. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூலக் கருவி ஒன்றுக்கு மாற நினைக்கிறோம். பக்ஸில்லா, மேன்டிஸ், ரெட்மைன், கிட்லேப் என ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். நிரல் எழுதத் தெரியாத ஆதரவுப் பணியாளர்கள் இருவரும் அதைக் கையாள வேண்டும். எது பொருந்தும்?
— வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: உங்கள் நிலைமைக்கு ரெட்மைன் பொருந்தும் என்பது என் கருத்து. கருவியின் பெயரைவிட, அதைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் உங்களுக்குப் பல ஆண்டுகள் பயன்படும் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலானோர் வசதிகளின் பட்டியலை ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, நாளை இந்தக் கருவியை விட்டு வெளியேற நேர்ந்தால் நம் பதிவுகள் முழுமையாக நம் கையில் இருக்குமா என்பதைத்தான். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் பல ஆண்டுகளாகப் பக்ஸில்லாவைப் பயன்படுத்திவிட்டு, 2014 நவம்பரில் பேப்ரிகேட்டர் என்ற இன்னொரு திறமூலக் கருவிக்கு மாறியது. அப்போது பழைய பிழை எண் ஒவ்வொன்றுடனும் 2000 கூட்டப்பட்டது. பக்ஸில்லாவில் 1 என்று இருந்த பிழை, புதிய இடத்தில் டி2001 ஆனது. எனவே நிரல் மாற்றத்தோடு எழுதப்படும் பழைய கமிட் குறிப்பிலோ மடலிலோ ஒரு பிழை எண்ணைப் பார்ப்பவர், எளிய கூட்டல் ஒன்றின் மூலம் அந்தப் பிழையின் முழு வரலாற்றையும் சென்றடைய முடிகிறது. பேப்ரிகேட்டரை உருவாக்கிய நிறுவனமோ 2021 ஜூனில் அதன் பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. ஆயினும் மூலநிரல் திறந்திருந்ததால், ஆர்வலர்கள் போர்ஜ் என்ற பெயரில் அதை வளர்த்து வருகிறார்கள். விக்கிமீடியாவும் தன் பிரதியைத் தானே பராமரித்துக்கொள்கிறது. கட்டணம் இல்லை என்பதைவிட இதுவே திறமூலத்தின் பெரிய ஆதாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, நீங்கள் குறிப்பிட்ட கருவிகளைப் பார்ப்போம். பக்ஸில்லா 1998-இல் மொசில்லா திட்டத்துக்காகப் பிறந்தது. பயர்பாக்ஸின் பிழைகள் இன்றும் அதில்தான் பதிவாகின்றன. பெரும் திட்டங்களின் சுமையைத் தாங்கக்கூடியது என்றாலும், அதன் படிவத்தில் உள்ள கட்டங்களைக் கண்டே உங்கள் ஆதரவுப் பணியாளர்கள் பழையபடி வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடக்கூடும். கிட்லேப், நிரலைச் சேமிக்கவும் சோதிக்கவும் வெளியிடவும் ஒரே இடம் தருவது. அதனாலேயே அதற்குப் பல ஜிபி நினைவகம் கொண்ட சர்வர் தேவைப்படுகிறது, பிழைப் பட்டியலுக்காக மட்டும் அதை நிறுவுவது வீண் செலவு. நிரலையும் உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால், அதைவிட மிக இலகுவான கிட்டீ அல்லது அதிலிருந்து 2022-இல் பிரிந்த பொர்ஜெயோ போதும்.

மேன்டிஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் உள்ள சாதாரண ஹோஸ்டிங்கிலேயே அது ஓடும். அதன் படிவத்தில், பிழை எப்போதும் வருகிறதா, சில சமயம் வருகிறதா, மீண்டும் வரவழைக்க முயன்றும் முடியவில்லையா என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. தொலைபேசியில் கடைக்காரரிடம் பேசும் பணியாளரைச் சரியான கேள்வியைக் கேட்க வைக்கும் கட்டம் அது. பிழைகளைத் தொடர்வது மட்டுமே உங்கள் தேவையென்றால் மேன்டிஸே போதும் என்பேன்.

ஆனால் உங்களிடம் வருபவை எல்லாம் பிழைகளாக இருக்காது. புதிய அறிக்கை கேட்பவர், வரி விகிதத்தை மாற்றச் சொல்பவர், பயன்படுத்தத் தெரியாமல் அழைப்பவர் என எல்லோரும் அந்த எக்செல் தாளில்தான் இருப்பார்கள். ரெட்மைன் தொடக்கத்திலேயே பிழை, புதிய வசதி, ஆதரவு என மூன்று வகைகளைப் பிரித்துத் தருகிறது. திட்டங்கள் தனித்தனியே, செலவிட்ட நேரம், கால அட்டவணை, குழுவினர் சேர்ந்து எழுதும் விக்கிப் பக்கங்கள் ஆகியவையும் உண்டு. உங்கள் எக்செல் தாளை சிஎஸ்வி கோப்பாக மாற்றி நேரடியாக உள்ளே ஏற்றலாம். அதே வடிவில் பட்டியலை வெளியேயும் எடுக்கலாம். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரல் கட்டமைப்பில் எழுதப்பட்டதால் நிறுவுவது மேன்டிஸைவிடச் சிரமம். தேவையானவற்றை ஒரே பொதியாகத் தரும் டாக்கர் மூலம் நிறுவினால் அது பெருமளவு குறையும். கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களைக் கண்டபடி சேர்க்காதீர்கள், பதிப்பு மேம்படுத்தும்போது முதலில் மக்கர் செய்பவை அவைதாம். பேக்கப் எடுக்கும்போது தரவுத்தளத்தோடு, இணைப்புகள் சேமிக்கப்படும் கோப்புறையையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் பிழையின் விவரம் மீண்டு வரும், கடைக்காரர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் வராது.

எந்தக் கருவியானாலும், பதிவின் தரம் எழுதுபவரின் கையில்தான் இருக்கிறது. ‘பில்லில் கணக்கு தப்பாக வருகிறது’ என்ற பதிவை வைத்து எந்த நிரலரும் எதையும் செய்ய முடியாது. ‘மூன்று பொருள்களுக்குப் பில் போட்டு, இரண்டாவது பொருளை நீக்கிய பின் அச்சிட்டால், திரையில் புதிய மொத்தம் இருக்கிறது, தாளில் பழைய மொத்தமே வருகிறது, நீக்காமல் அச்சிட்டால் சரியாக இருக்கிறது’ என்று எழுதினால், எந்த இடத்தைத் திறந்து பார்ப்பது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிடும். செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது ஆகிய மூன்றையும் கேட்கும் குறிப்பைப் படிவத்திலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: ரெட்மைன் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருகிறது. அதைப் பயன்படுத்தினால் எங்கள் சொந்த மென்பொருளின் மூலநிரலையும் வெளியிட வேண்டிவரும் என்று எங்கள் கணக்காளர் அஞ்சுகிறார். உண்மையா?
— வாசகி ஒருவர், திருச்சி

பதில்: இல்லை. ஒரு கருவியை அலுவலகத்துக்குள் பயன்படுத்துவதால், அதைக் கொண்டு நீங்கள் நிர்வகிக்கும் வேறொரு மென்பொருளுக்கு ஜிபிஎல் பொருந்தாது. ரெட்மைனையே, மாற்றியமைத்தோ அப்படியேவோ, மற்றவர்களுக்கு விநியோகித்தால்தான் அந்தப் பிரதியின் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். பிளேன் போன்ற சில புதிய கருவிகள், ஜிபிஎல்லைவிடக் கண்டிப்பான ஏஜிபிஎல் உரிமத்தில் வருகின்றன. அவற்றை மாற்றியமைத்து, உங்கள் வாடிக்கையாளர்கள் இணையம் வழியாகப் பயன்படுத்தும்படி விட்டால், மாற்றிய அந்தப் பதிப்பின் முழு மூலநிரலையும் அவர்களுக்குத் தர வேண்டும். மாற்றாமல் அப்படியே பயன்படுத்தினால் அங்கும் இந்தக் கவலை இல்லை.