பச்சைக்கும் நீலத்துக்கும் மஞ்சள் குஞ்சு பிறக்குமா?

கேள்வி: பெரம்பூரில் எங்கள் ஃபிளாட் பால்கனியில் ஒரு ஜோடி பட்ஜி (சின்னக் கிளி வகை) வளர்க்கிறேன். தீபாவளி முடிந்த கையோடு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. ஆண் பச்சை, பெண் நீலம். கூண்டில் வேறு பறவை கிடையாது. பிப்ரவரியில் முட்டை வைத்து நான்கு குஞ்சு பொரித்தன. இரண்டு பச்சை, ஒன்று நீலம். கடைசிக் குஞ்சு மட்டும் முழு மஞ்சள், கண் சிவப்பு. விற்றவரிடம் கேட்டால், ‘பெண் முன்னாடியே வேறு ஆணோடு சேர்ந்திருக்கும். மஞ்சள் குஞ்சு ஆண்தான், மூக்கு ரோஸாக இருக்கிறதே’ என்கிறார். சரியா? இந்த மஞ்சளை அதன் அப்பாவோடு ஜோடி போட்டால் மஞ்சள் குஞ்சு நிறைய வருமா?

பதில்: விற்றவர் சொன்ன இரண்டுமே தப்பு. தீபாவளிக்கு முன்பு சேர்ந்த ஆணின் விந்து பிப்ரவரி வரைக்கும் பெண்ணின் உடலில் தங்காது. அப்பா உங்கள் பச்சை ஆண்தான். மஞ்சள் குஞ்சு பெண். மூக்கைப் பார்க்காமலே இதை அடித்துச் சொல்லலாம்.

முதலில் நிறம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. 1840-ல் ஜான் கூல்ட் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது அது பச்சைதான். அந்தப் பச்சை ஒரே சாயம் இல்லை. இறகில் ஒரு மஞ்சள் நிறமி இருக்கிறது. இறகின் நுண் அமைப்பும் அதன் அடியிலுள்ள மெலனின் என்ற கறுப்பு நிறமியும் சேர்ந்து நீலமாகத் தெரிகின்றன. இரண்டும் சேர்ந்தால் பச்சை. மஞ்சள் நிறமி இல்லாமல் போனால் நீலப் பறவை, முகம் வெள்ளை. மெலனின் இல்லாமல் போனால் நீலமும் இறக்கையின் கறுப்புக் கோடுகளும் சேர்ந்தே மறைந்து மஞ்சள் மட்டும் மிஞ்சும். கண்ணிலும் மெலனின் இல்லாததால் ரத்தச் சிவப்பு தெரியும். அதுதான் லூட்டினோ. மஞ்சள், மெலனின் இரண்டுமே இல்லாவிட்டால் வெள்ளை உடம்பு, சிவப்புக் கண்: அல்பினோ.

இப்போது உங்கள் ஜோடிக்கு வருவோம். நீலம் ஒடுங்கிய குணம். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பங்கும் கிடைத்தால்தான் வெளியே தெரியும். நீலக் குஞ்சு ஒன்று பிறந்திருப்பதால், உங்கள் பச்சை ஆண் உள்ளுக்குள் நீலத்தைச் சுமக்கிறது. பறவைக்காரர்கள் இதை ‘ஸ்ப்ளிட் புளூ’ என்பார்கள். வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஸ்ப்ளிட் தெரியாது. குஞ்சு பிறந்தால்தான் அப்பா அம்மா எதை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பது வெளியே வரும்.

லூட்டினோ கணக்கு வேறு. அந்த மரபணு பாலினத்தைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. மனிதர்களுக்கு நேர்மாறாக, பறவைகளில் ஆணுக்குத்தான் ஒரே மாதிரி இரண்டு, அதாவது இரண்டு இசட். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆண் குஞ்சு லூட்டினோவாக வேண்டுமானால் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வர வேண்டும். பெண்ணுக்கு அப்பா கொடுக்கும் ஒன்றே போதும். பெண் பட்ஜி இதில் எதையும் மறைத்து வைக்க முடியாது. இருந்தால் வெளியே தெரிந்துவிடும். உங்கள் நீலப் பெண்ணுக்குக் கறுப்புக் கண். ஆகவே கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. அப்பா யாராக இருந்தாலும் இந்தக் குஞ்சு பெண்ணாகத்தான் இருக்க முடியும்.

ரோஸ் மூக்கு விஷயத்தில் விற்றவர் எங்கே குழம்பினார் என்றும் புரிகிறது. சாதாரண ஆண் பட்ஜிக்கு வளர்ந்ததும் மூக்கு நீலமாகும். லூட்டினோ, அல்பினோ போன்ற சில வகை ஆண்களுக்கு ரோஸாகவே நின்றுவிடும். அது வளர்ந்த பறவைக்கான கணக்கு. குஞ்சுப் பருவத்தில் பெண்ணுக்கும் மூக்கு லேசான ரோஸாக இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாகப் பிடித்துப் பாருங்கள்: மூக்குத் துளையைச் சுற்றி மெல்லிசாக வெள்ளை வளையம் தெரிந்தால் பெண். மூக்கு முழுக்க ஒரே சீரான அடர் ரோஸாக இருந்தால் ஆண்.

கண் நிறத்தைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. சந்தையில் ‘யெல்லோ’ என்று விற்பதெல்லாம் லூட்டினோ அல்ல. முழு மஞ்சளாகத் தெரியும் பட்ஜி குறைந்தது மூன்று வகை. சிவப்புக் கண் என்றால் லூட்டினோ. கறுப்புக் கண், வளர்ந்த பிறகு கருமணியைச் சுற்றி வெள்ளை வளையம் என்றால் டபுள் ஃபேக்டர் ஸ்பாங்கிள், அதாவது ஸ்பாங்கிள் மரபணு இரண்டு பங்கு உள்ளது. கறுப்புக் கண், வயதானாலும் வளையமே வராது என்றால் டார்க் ஐட் கிளியர். மூன்றும் மரபில் மூன்று வழி. டபுள் ஃபேக்டர் ஸ்பாங்கிளைச் சாதாரணப் பறவையோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சும் ஸ்பாங்கிளாக வரும்: இறக்கையின் ஒவ்வொரு இறகும் வெளிறி, ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு. மஞ்சளுக்கு மஞ்சள் ஜோடி போட்டுவிட்டு, பச்சைக் குஞ்சு வந்தது ஏன் என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வேறு வகையைச் சேர்த்தவர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறக்கைக் கோடு கறுப்புக்குப் பதில் காப்பிப் பழுப்பு என்றால் சின்னமன். தலையில் கோடுகள் மங்கி, முதுகில் ‘வி’ வடிவில் உடம்பு நிறமே ஓடினால் ஒபலைன். இரண்டும் லூட்டினோ மாதிரியே இசட் வழி வருபவை. உடம்பில் திட்டுத் திட்டாக மஞ்சளோ வெள்ளையோ என்றால் பைட். வானநீலம், கோபால்ட், மாவ் என்பதெல்லாம் நிறத்தை அடர்த்தியாக்கும் மரபணுவான டார்க் ஃபேக்டர் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று ஏறும் படிகள். ‘ரெயின்போ’ என்று கூடுதல் விலை சொன்னால் அசந்துவிடாதீர்கள். மஞ்சள் முகம், ஒபலைன், கிளியர்விங் (இறக்கைக் கோடுகள் வெளிறியது) மூன்றும் ஒரு நீலப் பறவையில் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். நம் ஊர்ச் சந்தையில் பளிச்சென்று எதைப் பார்த்தாலும் ரெயின்போதான்!

சரி, அப்பாவோடு ஜோடி போடலாமா? கணக்குப்படி ஆண், பெண் இரண்டிலும் பாதிக்குப் பாதி சிவப்புக் கண் குஞ்சுகள் வரும். ஆனாலும் வேண்டாம். நெருங்கிய ரத்தத்தில் ஜோடி போட்டால் கூமுட்டை, நோஞ்சான் குஞ்சு என்று பலன் வரும் ஆபத்து அதிகம். மஞ்சள்தான் வேண்டுமென்றால், வேறு இடத்திலிருந்து ஒரு லூட்டினோ ஆண் வாங்குங்கள். அதைச் சாதாரணப் பச்சைப் பெண்ணோடு விட்டால் பிறக்கும் பெண்கள் எல்லாம் சிவப்புக் கண், ஆண்கள் எல்லாம் கறுப்புக் கண். பொரித்த அன்றே மூடிய இமைக்குள் கண் கருப்பா ரோஸா என்று பார்த்து ஆண் பெண் பிரித்துவிடலாம். புதுப் பறவையை ஒரு மாதமாவது தனிக் கூண்டில், முடிந்தால் தனி அறையில் வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். எச்சம் தண்ணீராகப் போனாலோ, இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாலோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

இப்போதுள்ள ஜோடியே போதும் என்றாலும் நல்லதுதான். ஆண் நீலம், லூட்டினோ இரண்டையும் மறைத்து வைத்திருப்பதால், சராசரியாக எட்டுக் குஞ்சுக்கு ஒன்று லூட்டினோ, ஒன்று அல்பினோ வரலாம், இரண்டுமே பெண்தான். சராசரி என்பதால் ஒரு முழு ஈட்டில் (ஒரு முறை வைக்கும் முட்டைகளில்) ஒன்றுகூட வராமலும் போகும்.

அடுத்த ஈட்டுக்கு அவசரப்படாதீர்கள். ஏப்ரல் பிறந்துவிட்டால் முட்டையிடும் பானையை இறக்கிவிடுங்கள். கத்திரி வெயிலில் பால்கனிப் பானைக்குள் குஞ்சு வெந்துபோகும். மழைக்காலத்தில் ஈரத்துக்குத் தினை பூஞ்சை பிடிக்கும். ஐப்பசியில் பானை கட்டினால் தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு பெண் முட்டையை விட்டு எழுந்துவிடும். சென்னைக்குத் தோதானது மழை ஓய்ந்து டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை. வருடத்துக்கு இரண்டு ஈடு போதும். கடல் நுரை (கணவாய் ஓடு) எப்போதும் கூண்டில் தொங்கட்டும்; சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பெண்ணுக்கு முட்டை சிக்கலாம். பானையின் அடியில் தச்சுப் பட்டறையிலிருந்து சுருள் சுருளான மரச்சீவல் வாங்கிப் போடுங்கள், மாவு மாதிரி மரத்தூள் வேண்டாம். வெறும் வழவழப்பான பானை அடியில் குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துகொள்ளும்.

மஞ்சள் பெண்ணுக்கு ஒரு வயது நிறையும் வரை பானை காட்ட வேண்டாம். பச்சைக் குஞ்சு இரண்டும், அம்மா நீலம் என்பதால், கட்டாயம் ஸ்ப்ளிட் புளூ. பச்சையிலோ நீலத்திலோ ஆண் இருந்தால், அது லூட்டினோவையும் சுமக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. யாருக்காவது கொடுத்தால் இந்த விவரத்தை ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.