ரோடோமெட்ரா சாக்ரேரியா அந்துப்பூச்சி ஆப்பிரிக்காவில் எங்கே வாழ்கிறது? அதன் பரவலைக் காட்டும் வரைபடத்தில் இங்கிலாந்தும் இருக்கிறதே, ஏன்?

வரைபடம் குடியிருக்கும் இடத்தையும் வந்துபோகும் இடத்தையும் ஒரே வண்ணத்தில் காட்டுவதால் வரும் குழப்பம் இது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆண்டு முழுக்க அது பெருகுவது வெதுவெதுப்பான நாடுகளில்தான். வடக்கே மொராக்கோ, எகிப்து தொடங்கி எத்தியோப்பியா, கென்யா வழியாகத் தென்னாப்பிரிக்கா வரை பதிவாகியிருக்கிறது. தெற்கு ஐரோப்பாவிலும், கிழக்கே இந்தியா வரையிலும் உண்டு. தெற்கிலிருந்து காற்று வீசும் ஆண்டுகளில் வடக்கே பறந்து இங்கிலாந்தைத் தொடும். அங்கே கோடைக் கடைசியில்தான் அதிகம் தென்படும். குளிர்காலத்தை அங்கே தாண்டாது.

வாழிடத்தை முடிவுசெய்வது புழுவின் தீனி. சுக்கான்கீரையின் இனமான ரூமெக்ஸ், தரையோடு படரும் பாலிகோனம் போன்றவை முக்கியமானவை. இவை வெயில் விழும், மண் கிளறப்பட்ட இடங்களில் முளைப்பவை. அதனால் தரிசு, அறுத்த வயல், சாலையோரம், மேய்ந்த புல்வெளி ஆகியவற்றில் தேடுங்கள். அடர்ந்த மழைக்காட்டுக்குள் தேடுவது வீண்.

பகலில் குட்டைப் புல்லில் மெதுவாக நடந்தால் காலடியில் எழும்பிச் சிறிது தூரம் பறந்து மறுபடி உட்காரும். சிறகு விரிப்பு 22 முதல் 28 மில்லிமீட்டர். இது சேர்ந்த ஜியோமெட்ரிடே என்ற அந்துப்பூச்சிக் குடும்பத்தில் பெரும்பாலானவை சிறகைத் தட்டையாக விரித்து உட்காரும். இதுவோ கூரைபோல் சரித்து மடக்கிக்கொள்ளும். முன்சிறகில் குறுக்காகச் சாய்ந்தோடும் ஒற்றைக் கோடும் இருந்தால் அடையாளம் ஏறக்குறைய உறுதி.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கூட்டுப்புழு வெப்பத்தில் இருந்தால் வைக்கோல் மஞ்சளில் சிவப்புக் கோடு வரும். குளிரில் இருந்தால் சிறகு கருமையும் இளஞ்சிவப்பும் கலந்து வரும். கென்ய மேட்டுநிலத்துப் பூச்சியையும் சமவெளிப் பூச்சியையும் பக்கத்தில் வைத்து 'இரண்டு இனம்' என்று எழுதிவிடுவது இங்கேதான் நடக்கிறது.

இன்னொரு தவறு, விளக்கில் விழுந்ததை வாழிடப் பதிவாக எண்ணுவது. தொலைதூரம் பறந்து வரும் பூச்சி அது. அன்றிரவு அந்த வழியாகப் போனது என்பதற்கு மேல் விளக்கு எதையும் சொல்லாது. புழுவைக் கண்டால்தான் இனப்பெருக்கத்துக்குச் சான்று. படர்ந்த செடிக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்துத் தட்டுங்கள்; பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் குச்சிபோன்ற புழு விழும். பின்பக்கம் இரண்டு சோடி பொய்க்கால்கள்தான், ஆகவே காவடிபோல் வளைந்து நகரும். (நம்மூர் ஆமணக்குக் காவடிப்புழு வேறு குடும்பம்.) கிடைத்த புழுவை அதே செடியின் இலையோடு வளர்த்து, பூச்சி வெளிவந்த பிறகே பெயரிடுங்கள். எந்தச் செடியில் எடுத்தது, கூட்டுப்புழுவாக எந்த வெப்பநிலையில் இருந்தது என்ற இரண்டையும் பதிவில் தவறாமல் சேர்த்துவிடுங்கள்.